ரகரத்துக்கு வால் முளைத்த வாரம்

ஒரு தட்டு வெங்காய போண்டாவுக்காக ஒரு மனிதனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான். போண்டா நன்றாக இருந்தது என்பதைத் தவிர என் தரப்பில் சொல்லிக்கொள்ள வேறு நியாயம் கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் கம்பெனி. இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்தி, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். உள்ளே சுவரெல்லாம் “பாதுகாப்பே முதல் கடமை”, “கண் வேலையில், கை கவனத்தில்” என்று எழுதித் தருவது என் வேலை. ஒரு நாள் எழுதி முடித்துக் கை கழுவும்போது பர்சனல் ஆபீஸர் தன் அறைக்குக் கூப்பிட்டு டீயும் போண்டாவும் வரவழைத்தார். வயிறு நிறைந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

“சார், பூந்தமல்லியிலேர்ந்து பட்டாபிராம் வரைக்கும் எந்தச் சுவரை வேணா காட்டுங்க. எழுதினவன் பேரு, ஊரு, எந்தக் கையால பீடி புடிப்பான்ங்கிற வரைக்கும் சொல்றேன்” என்றேன்.

அவர் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் இன்று மேம்பாலத் தூண்களுக்குக் கீழே முகமூடியோடு நின்று ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்குகிறீர்கள். என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் காலத்தில் என்னென்ன ஸ்டைல் இருந்தது? சொல்கிறேன். ஆனால் ஸ்டைலை மட்டும் தனியே பிய்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போண்டாவோடுதான் வரும்.

நான் அளந்தது முழுப் புளுகும் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துச் சுவர்களில் பெரும்பாலும் கட்டை எழுத்துதான். சுண்ணாம்பு வெள்ளைமேல் நீலம் அல்லது காவி. பிரஷ் எவ்வளவு அகலமோ எழுத்தும் அவ்வளவு அகலம். பிறகு ஒருவன் அந்த எழுத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு இழுத்தான். எழுத்து சுவரைவிட்டு ஒரு சாண் வெளியே வந்து நின்றது. அது நிழல் எழுத்து. இன்னொருவன் எழுத்தையே குறுக்கே வெட்டி, மேல்பாதி மஞ்சள், கீழ்பாதி சிவப்பு என்று நிரப்பினான். தொண்ணூறுகளில் கண்ணைக் குத்துகிற ரேடியம் கலர் வந்தபோது, வேட்பாளர் பெயரைவிட வண்ணம் சத்தமாகக் கத்தியது.

இது காலத்தின் கணக்கு. ஊருக்கு ஊர் கணக்கு வேறு. ஆவடிக்காரன் எழுத்து விறைப்பாக நிற்கும். ரயில் வேகனிலும் ராணுவ லாரியிலும் தகடு வெட்டி அடித்த எண்களைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். பூந்தமல்லிக்காரன் எழுத்தில் கொடி ஓடும், பூ பூக்கும். அங்கே லாரிக்கு உடம்பு கட்டும் பட்டறைகள் அதிகம், பின்பலகையில் எழுதிப் பழகிய கை. எங்கள் அம்பத்தூர் எழுத்து கம்பெனி போர்டு மாதிரி மூலைக்கு மூலை கச்சிதமாக இருக்கும். நூம்பல் பக்கம் அப்போது சுவரே குறைவு. இருந்த நாலு சுவரிலும் எழுதியவன் கிணற்றுக்கட்டுக்கு வெள்ளையடிக்கிறவன், எழுத்தும் வழிந்துகொண்டுதான் இருக்கும்.

பட்டாபிராமில் மட்டும் ஒரே ஒரு கை தனியாகத் தெரிந்தது. அந்தோணி.

அந்தோணி அந்தப் பிரஸ் கம்பெனியிலேயே மெஷின் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாச் சுவர்களும் யூனியன் சுவர்களும் எழுதுவான். அவன் ஏணிமேல் நிற்பான். அவன் மனைவி லூர்து கீழே கலர் கலக்கித் தருவாள், எழுத்துக்குள் நிறம் நிரப்புவாள். அவன் எழுத்தில் எல்லாமே சாதாரணம், ரகரத்தைத் தவிர. ரகரத்தின் கால் கீழே இறங்கி, இடப்பக்கம் சாய்ந்து, சொல் முழுவதற்கும் அடியில் ஓடி, கடைசியில் சாட்டை நுனி மாதிரி சுண்டிக்கொண்டு மேலே எழும். தடிமனாகத் தொடங்கி மயிரிழையில் முடியும். நடுவில் பிரஷ்ஷை எடுத்த தடமே இருக்காது. வாலை எப்போதும் கடைசியில்தான் போடுவார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போட்டு முடித்திருப்பார்கள். தொழில் ரகசியத்தைக் காக்கிறான் பயல் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் போண்டா தின்ற அடுத்த வாரம் அந்தக் கம்பெனியில் அந்தோணியின் மச்சான், லூர்துவின் தம்பி, பிரஸ்ஸுக்குள் இரண்டு விரலை இழந்தான். அவன் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. வேலையும் போயிற்று. அவனும் அக்கா வீட்டில்தான் இருந்தான். ஆக, அந்த வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற கை அந்தோணியுடையது மட்டும்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. “ஆபீஸர் உடனே கூப்பிடுறாரு.” புது வேலை என்று நினைத்துப் புதுப் பிரஷ்ஷாக எடுத்துக்கொண்டு போனேன்.

வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கம்பெனியின் வெளிச்சுவருக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அந்த வெள்ளையின் நட்டநடுவே, ஆள் உயரத்துக்கு, நீலத்தில் இரண்டே சொல்:

விரல் எங்கே?

ரகரத்தின் கால் கீழே இறங்கி, இடப்பக்கம் ஓடி, சுண்டிக்கொண்டு மேலே எழுந்திருந்தது.

எதிர்ப்பக்க டீக்கடையில் ஷிப்டுக்கு வந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள். அந்தோணியும் நின்றான். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“சொல்லுங்க” என்றார் ஆபீஸர். “எந்தக் கையால பீடி புடிப்பான்னு வேண்டாம். பேரு போதும்.”

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒட்டியதில்லை. என் மனைவியைக் கேட்டாலே சொல்வாள்.

“சார்… சட்டுனு சொல்ல முடியாதுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்.”

“அன்னிக்கு ஒப்பிடாமலே சொல்வேன்னீங்க.”

“அது போண்டா பேசினது சார்.”

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். மனிதர் கெட்டவர் அல்ல. மேலே இருந்து அவரை அழுத்திக்கொண்டிருந்தார்கள். “இங்கயே வேலை செய்யற ஒருத்தன் சுவர் எழுதுவானாமே, அந்தோணின்னு. அவன்மேலதான் சந்தேகம். அவன் எழுதின வேற சுவரையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, ஒரே கைதான்னு நீங்க சொன்னாப் போதும், இன்னிக்கே அவனை வெளியே அனுப்பிடலாம்ங்கறார் மேனேஜர். நீங்க சொல்லலைன்னா வேற ஆர்ட்டிஸ்ட் சொல்லப்போறான்.”

நான் இப்போது உங்களைக் கேட்கிறேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதுமா? போதாது. பட்டாபிராமில் கோயில் தெருவுக்குப் போனால் எந்தக் குழந்தையும் அந்த வாலை அடையாளம் காட்டிவிடும். வேறு யாரோ என்று பொய்ப் பெயர் சொல்லலாமா? அந்தப் பெயருக்கும் ஒரு வீடு இருக்கும். உண்மையைச் சொல்லலாமா? உண்மை என்று நான் நினைத்தது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. இதுதான், பிள்ளைகளே, நம் தொழிலில் யாரும் கற்றுத்தராத இடம். கோடு இழுக்கக் கற்றுத்தருவார்கள். கோட்டைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளக் கற்றுத்தரமாட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார். நானே உங்களைக் கூட்டிக்கினு போய் ஊர்ச் சுவரையெல்லாம் காட்டறேன். கண்ணால பார்த்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கெடு வாங்குவது ஒன்றுதான் ஓவியர்களுக்குத் தானாக வருகிற கலை.

அவர் ஒப்புக்கொண்டார். விசாரணை முடிகிறவரை எழுத்தை அழிக்கக் கூடாது என்பதால் அதன்மேல் தார்ப்பாய் கட்டினார்கள். அதுவரை எஸ்டேட்டில் பாதிப் பேர்தான் பார்த்திருந்தார்கள். தார்ப்பாய் கட்டியதும் மீதிப் பேரும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டீக்கடையில் அந்தோணியை ஓரமாக இழுத்தேன்.

“நான் எழுதலண்ணா” என்றான், நான் கேட்கும் முன்பே.

“சரிப்பா. நானும் பாக்கல” என்று கண்ணடித்தேன்.

“சத்தியமாண்ணா.”

“கோயில்ல சொல்லு, எங்கிட்ட எதுக்கு?” என்று முதுகில் தட்டிவிட்டு வந்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நல்ல வேளையாக உள்ளாட்சித் தேர்தல் வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குப் பண்டிகை. தேர்தல் வாசனை அடித்ததும் சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரைச் சின்னதாக எழுதி, “நாலு பக்கமும்” என்று போட்டுவிடுவோம். அதன்பிறகு அடுத்த கட்சிக்காரன் அங்கே பிரஷ் வைத்தால் அடிதடி. வீட்டுக்காரரைக் கேட்கிற வழக்கம் மட்டும் எங்களில் யாருக்கும் இல்லை. அந்த வாரம் எல்லாச் சுவரும் எழுதப்பட இருந்தது. எல்லா வாசகமும் ஒரே சொல்லில்தான் முடியும்: வாக்களிப்பீர். அதன் கடைசியில், பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை, ஒரு ரகரம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டு ஜன்னல் வழியே மூலை எழுதிய வெள்ளைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பக்கத்தில் நின்றவர் காலை மிதித்துவிட்டேன். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பொய்யை ஊர் முழுக்க எழுதி உண்மையாக்கிவிட முடியும்.

என் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். பாதிச் சுவர் எதிர்க்கட்சியுடையது, அதற்கு எழுதுகிறவன் ஆவடி கஜா. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன தேர்தலில் என் நிழல் எழுத்தைப் பார்த்து “மழையில நனைஞ்ச எருமை” என்று ஊர் முழுக்கச் சொன்னவன். நான் போனபோது ஒரு சுவர்முன் குந்திக்கொண்டு நூல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா நைனா, ரூட்டு மாறி வந்துட்டியா? இது நம்ம ஏரியா.”

“ஒரு ஒத்தாசை கஜா.”

“உனக்கா? நானா?” நூலை விட்டுவிட்டுச் சிரித்தான். “சொல்லு, சொல்லு. சிரிச்சு நாளாச்சு.”

“அந்தோணி வால் கீதே, அத நீ போடணும். உன் ஆளுங்களும் போடணும். இந்த வாரம் எழுதற ஒவ்வொரு சுவத்துலயும்.”

“அந்த வாலா? கொரங்கே அத வெச்சுக்க யோசிக்கும் மாமே. என் எழுத்து ஸ்கேல் வெச்ச மாதிரி நிக்கும். அதுக்குப் போயி வாலா?”

காரணத்தைச் சொன்னேன். தார்ப்பாய்வரை சொன்னேன். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

“எத்தினி விரலு?”

“ரெண்டு.”

“எந்தக் கை?”

“வலது.”

பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுத் தன் வலது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தான். பிறகு எதுவுமே நடக்காதது மாதிரி, “சும்மா வராது. ஓ.டி. பஸ் ஸ்டாண்டு எதிர்ல நீட்டா ஒரு சுவரு மடக்கி வெச்சுகினு கீறியே, அத வுட்டுக்குடு” என்றான்.

அது அம்பத்தூரிலேயே நல்ல சுவர். பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு ஓட்டும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தேன். எங்கள் வட்டச் செயலாளர் அடுத்த தேர்தல்வரை என்னோடு பேசவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

அந்த வாரம் ரகரங்களுக்கு வால் முளைத்தது. எப்படிப்பட்ட வால்கள் தெரியுமா? கஜாவின் வால் அரிவாள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பூந்தமல்லி ஆட்கள் வாலுக்கு நடுவில் இரண்டு இலை வைத்து, நுனியில் ரோஜா மொக்கு வைத்தார்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள். நூம்பல்காரன் வால் வழிந்து தரையைத் தொட்டது. என்னுடையது செத்த பாம்பு. சுவர் சுவராக முயன்றேன். பாம்பு உயிர் பெறவே இல்லை. எடுப்பு சரியாக இருக்கும், ஓட்டமும் இருக்கும், கடைசியில் சுண்டி எழுகிற இடத்தில் கை செத்துவிடும். இத்தனை வருஷம் எழுதிய கைக்கு ஒரு வால் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பத்தடி தள்ளி நின்று, ஓடுகிற காரிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸர் கம்பெனி காரில் வந்தார். முன்சீட்டில் நான். முதல் சுவரில் காட்டினேன்: “இதோ சார், வால்.” அடுத்த தெருவில் காட்டினேன். ஆவடியில் காட்டினேன். ஒரு கட்சி, மறு கட்சி, சுயேச்சை, எல்லாருக்கும் வால். பட்டாபிராம் கோயில் சுவரில் அந்தோணியின் பழைய எழுத்தையும் காட்டினேன். ஊர் முழுக்கத் தொங்கிய வால்களில் அதுவும் ஒன்றாகிப்போனது.

“இவ்ளோ பேருமா இப்படி எழுதறாங்க?”

“இப்ப இதுதான் சார் ஸ்டைல். யாருதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.”

திரும்பும் வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். அது காலையில் எழுதிய சுவர். இறங்கிப்போய், “வாக்களிப்பீர்” முடிகிற இடத்தில், அந்த வாலின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் நீலமாக வந்தது. விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தில் பருந்து ஏதும் பறக்கிறதா என்று பார்த்தேன்.

வெகுநேரம் அந்த விரலை அவர் துடைக்கவே இல்லை. நீட்டிப் பிடித்தபடியே காரில் ஏறி உட்கார்ந்தார். கம்பெனி வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ரொம்ப வேகமாப் பரவுற ஸ்டைலா இருக்கும்போல.”

“ஆமாம் சார். காத்துவாக்குல.”

“எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க முடியலைன்னு மேல சொல்லிடறேன்” என்றார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு எழுத்தின்மேல் வெள்ளையடித்தார்கள். அடித்தவன் நான்தான். சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணியாகவே கலந்தேன். அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

தேர்தல் முடிந்த பிறகும் அந்த வால் போகவில்லை. சினிமா போஸ்டர் எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், டைலர் கடை போர்டுக்குப் போயிற்று, தொண்ணூறுகளில் ரேடியம் கலரில் ஆட்டோ முதுகில் ஏறியது. மேற்குப் பக்கத்து எழுத்து என்று நீங்கள் இன்று கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கிறீர்களே, அதன் பிறப்புச் சான்றிதழ் இதுதான். ஒரு பாணி அழகுக்காக மட்டும் பரவுவதில்லை. ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதற்காகவும் பரவும். அடுத்தவன் கையை அடையாளம் காண்கிற கண் உங்களுக்கும் ஒரு நாள் வரும். வந்ததும் முதல் வேலையாக, அதைப் பற்றி யாரிடமும் அளக்காதீர்கள். முக்கியமாக போண்டா தின்னும்போது.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பட்டாபிராமுக்கு ரயில் ஏறினேன். நன்றி சொல்ல வருகிறவர்களுக்கு அலைச்சல் வைக்கக் கூடாது பாருங்கள், நாமே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று.

அந்தோணி வீட்டில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மச்சான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். லூர்து அடுப்பின்முன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தோணி எனக்குத் தட்டு வைத்தான். வேலை நிலைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றியை நானே கிளறி எடுக்க வேண்டியிருந்தது.

“அந்தோணி, ஊரே இப்ப உன் வாலைப் புடிச்சித் தொங்குதுப்பா” என்றேன். “கஜாவே போட்டுட்டான்னா பாத்துக்க. ஆனா ஒருத்தனுக்கும் உன்னுது மாதிரி வரல. எனக்கும் வரல, ஒத்துக்கறேன். கடைசியில சாட்டை மாதிரி சுண்டிக்கினு மேல எழும்புதே, அந்த ஒரு எடத்த மட்டும் எப்படி இழுக்கறேன்னு சொல்லிடு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

அந்தோணி சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் இருந்த மச்சான் எங்கேயோ பார்த்துச் சிரித்தான்.

லூர்து கரண்டியை ஒரு சுண்டு சுண்டித் தட்டில் தட்டிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

“அவருக்கு வால் போட வராதுண்ணா.”